மீந்த அப்பத்தை என்ன செய்வது?

மார்ச் 3, இரவு 9.20 (கேள்வி)

அடுத்த மாதத்திலிருந்து திருவிருந்து (இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) மேசையை ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம். எத்தனை பேருக்கு எவ்வளவு அப்பம், சின்னக் கிண்ணத்தில் திராட்சை ரசம் எதுவரை ஊற்ற வேண்டும் என்பதையெல்லாம் முன்பு செய்தவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆராதனை முடிந்தபின் மீதியை என்ன செய்வது என்று மட்டும் அதில் இல்லை. சிறுவர்களுக்குக் கொடுத்துவிடு என்கிறார் ஒருவர். தொட்டியில் ஊற்றிவிடு என்கிறார் இன்னொருவர். கத்தோலிக்கத் தோழி இதைக் கேட்டுப் பதறிப்போனாள். இதற்கு முறை என்று ஒன்று உண்டா, இல்லை அவரவர் வசதியா?

மார்ச் 3, இரவு 11.05

முறை உண்டு சிஸ்டர். சபைக்குச் சபை வேறு. ஒரு சபை அப்பத்தையும் ரசத்தையும் பற்றி என்ன நம்புகிறது என்று தெரிய வேண்டுமானால், ஆராதனை முடிந்த பத்து நிமிடம் அந்த மேசையருகே நின்றாலே போதும். பிரசங்கத்தில் கேட்காதது அங்கே தெரியும்.

கத்தோலிக்கர்: அர்ச்சிக்கப்பட்ட (ஜெபத்தால் பரிசுத்தமாக்கப்பட்ட, மற்றவர்கள் பிரதிஷ்டை என்பார்கள்) அப்பம் கிறிஸ்துவின் உடல். மீதியைக் குரு உண்பார், அல்லது நற்கருணைப் பேழையில் (திருவிருந்தை நற்கருணை என்பார்கள், அப்பத்தை வைக்கும் பெட்டி பேழை) வைத்துப் பூட்டுவார். ரசத்தைப் பேழையில் வைக்கக் கூடாது, அங்கேயே பருகி முடித்துவிட வேண்டும். ஊற்றிவிடுவது கடுமையாகத் தடுக்கப்பட்ட செயல். உங்கள் தோழி பதறியதற்குக் காரணம் இதுதான்.

கீழைத் திருச்சபையினர் (ஆர்த்தடாக்ஸ்): எல்லாம் ஒரே கிண்ணத்தில் இருக்கும். மீதி முழுவதையும் தியாக்கோன் (குருவுக்கு உதவும் திருப்பணியாளர்), அவர் இல்லையென்றால் குரு, உண்டு முடிப்பார்.

ஆங்கிலிக்கன்: 1662 பொது ஜெப நூலில் தெளிவாக இரண்டு பங்கு. பிரதிஷ்டை செய்யப்படாத அப்பமும் ரசமும் மீந்தால் குருவானவர் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பிரதிஷ்டை செய்யப்பட்டது மீந்தால் கோயிலைவிட்டு வெளியே போகக் கூடாது. ஆசீர்வாதம் முடிந்த உடனே குருவானவரும் அவர் அழைக்கும் சிலரும் பயபக்தியோடு அங்கேயே உண்டு பருகி முடிக்க வேண்டும்.

மற்ற சபைகளைப் பற்றி நாளை எழுதுகிறேன். ஒரே வரியில் முடிகிற விஷயம் இல்லை.

மார்ச் 4, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கத்தோலிக்க முறையில் ரசத்தை வைக்கவே கூடாது என்று எழுதிவிட்டேன். ஒரு விலக்கு உண்டு. கெட்டியான எதையும் விழுங்க முடியாத நோயாளிக்கு ரசத்தை மட்டும் நன்றாக மூடிய கலத்தில் கொண்டுபோகலாம். நோயாளி பருகியபின் மிஞ்சுவதைக் கொண்டுபோனவரே பருகிவிட வேண்டும்.

மார்ச் 4, இரவு 10.30

இப்போது சீர்திருத்த சபைகள்.

1529ல் மார்புர்க் நகரில் ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் சந்தித்தார்கள். 15 பொருள்களில் 14ல் உடன்பாடு. 15ஆவது திருவிருந்து. அதிலும் பெரும்பகுதி ஒத்துப்போனது. கிறிஸ்துவின் உடல் அப்பத்தில் மெய்யாகவே இருக்கிறதா என்ற ஒரு கேள்வியில் பிரிந்தார்கள். "இது என் சரீரமாயிருக்கிறது" என்பதில் உள்ள "இருக்கிறது" உள்ளபடியே பொருள் தருகிறது என்றார் லூத்தர். "குறிக்கிறது" என்று கொள்ள வேண்டும் என்றார் ஸ்விங்லி. மீதியான அப்பத்தைப் பற்றிய குழப்பம் முழுவதும் இந்த இடத்தில் தொடங்குகிறது.

ஸ்விங்லி வழி வந்த சபைகளில் அப்பம் அப்பமாகவே இருக்கிறது. ஆராதனைக்குப்பின் அது சாதாரண உணவு. வீட்டுக்குக் கொண்டுபோகலாம், சிறுவர்களும் உண்ணலாம். பெரும்பாலான பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளின் நிலை இதற்கு நெருக்கம். ஆகவே உங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் வழி அலட்சியத்தில் பிறந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் நடுவில் நிற்கிறார். கிறிஸ்து பரலோகத்தில் இருக்கிறார். பரிசுத்த ஆவியானவர் விசுவாசியை அவரோடு இணைத்து அவரால் போஷிக்கிறார். அப்பம் மாறவில்லை, ஆனால் வெறும் சின்னமும் இல்லை.

லூத்தரன் சபைகளில் மீதி விஷயம் இன்றும் விவாதமாகவே இருக்கிறது. உண்பதற்கென்று ஏற்பட்டது, அந்தப் பயன்பாட்டுக்கு வெளியே அது திருவருட்சாதனம் (அருளைத் தரும் புனிதச் சடங்கு) ஆகாது என்பது அவர்கள் கோட்பாடு. அதைப் பிடித்துக்கொண்டு, மீந்ததைப் பிரதிஷ்டை செய்யாத அப்பத்தோடு கலந்து வைத்த ஒரு போதகரை லூத்தரே 1543ல் கடிதம் எழுதிக் கண்டித்தார். வந்தவர்களோடு சேர்ந்து உண்டு முடித்துவிடு, எந்த நொடியில் அது திருவருட்சாதனமாக இல்லாமல் போகிறது என்ற கேள்வியே எழாது என்பது அவர் சொன்ன வழி. எனக்கு இதைவிடத் தெளிவான யோசனை தெரியாது.

மெதடிஸ்ட் சபைகளில் உண்பது, இல்லாவிட்டால் மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது. அப்பத்தைப் புதைப்பார்கள், ரசத்தை நிலத்தில் ஊற்றுவார்கள்.

மார்ச் 5, காலை 8.10 (கேள்வி கேட்டவர்)

எங்கள் சபை நினைவுகூருதல் என்றுதான் சொல்கிறது, பிரதர். நான்கு சுவிசேஷங்களிலும் "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்று இருக்கிறதல்லவா? நினைவு என்றால் மீதி வெறும் அப்பம்தானே?

மார்ச் 5, மதியம் 1.40

நான்கிலும் இல்லை. அப்பம் பிட்ட நிகழ்ச்சி மத்தேயு 26, மாற்கு 14, லூக்கா 22, 1 கொரிந்தியர் 11 ஆகிய நான்கு இடங்களில் வருகிறது. "நினைவுகூரும்படி" என்ற கட்டளை லூக்காவிலும் கொரிந்தியரிலும் மட்டுமே. யோவானில் அந்த இரவில் அப்பம் பிட்ட செய்தியே கிடையாது. அவர் 13ஆம் அதிகாரத்தில் கால்களைக் கழுவியதைச் சொல்கிறார். அப்பத்தைப் பற்றிய பேச்சு 6ஆம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது.

நினைவு என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் அனம்னேசிஸ். மறந்துபோனதை மனதில் கொண்டுவருவது என்பதோடு அது நிற்பதில்லை. பஸ்கா இரவில் ஒரு யூதக் குடும்பம், தாங்களே எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாகத்தான் அந்த விடுதலையைச் சொல்கிறது. பின்னால் வந்தவர்களும் அதற்குள் நிற்கிறார்கள். பவுல் அதோடு இன்னொரு முனையையும் சேர்க்கிறார்: "அவர் வருமளவும்". சிலுவை, உயிர்த்தெழுதல், வருகை மூன்றையும் ஒரே மேசையில் வைத்துத்தான் திருச்சபை இதை அறிக்கையிடுகிறது. நினைவு என்று சொல்லும் சபையும் இதைச் சிறியதாக எண்ணிச் சொல்லவில்லை.

மார்ச் 5, இரவு 9.00 (இன்னொருவர்)

மீதியைப் பற்றிப் பேசுகிறீர்கள், வேதத்திலேயே மீதிக்கு இரண்டு வழி இருப்பதைச் சொல்லவில்லையே. யாத்திராகமம் 12:10ல் பஸ்கா ஆட்டுக்குட்டியில் விடியுமட்டும் ஒன்றும் மீதி வைக்கக் கூடாது, மிஞ்சினால் சுட்டெரிக்க வேண்டும். யோவான் 6:12ல் மீதித் துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொல்கிறார், 12 கூடை நிறைந்தது. ஒன்றில் மீதி வைக்காதே, மற்றதில் வீணாக்காதே.

மார்ச் 5, இரவு 10.15

நல்ல கண் ஐயா. திருச்சபை இரண்டையும் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய கி.பி. 155ல் ஆதித் திருச்சபை எழுத்தாளர் யுஸ்தீன் எழுதிய விளக்கத்தில், ஞாயிறு கூடுகையில் அப்பமும் தண்ணீர் கலந்த ரசமும் பகிரப்பட்டபின், வர முடியாதவர்களுக்குத் தியாக்கோன்கள் கொண்டுபோகிறார்கள். அன்றைக்கே மீதி என்பது "வராதவர் பங்கு" ஆகிவிட்டது. பேழையின் வேர் அங்கே இருக்கிறது. வழிபடுவதற்கு வைப்பது பிறகு வந்தது, நோயாளிக்கு வைப்பதுதான் முதலில்.

வீட்டில் வைத்து வாரநாளில் உண்ணும் பழக்கமும் முதல் நூற்றாண்டுகளில் இருந்தது. அப்படி வைப்பவர்கள் எலி தின்னாமல் பார்த்துக்கொள்ளும்படி பழைய சபை ஒழுங்கு ஒன்று எச்சரிக்கிறது. எலி தின்றால் என்ன ஆகும் என்று இடைக்காலத்தில் அறிஞர்கள் உண்மையாகவே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அப்பத்தின் தன்மை இருக்கும்வரை கிறிஸ்துவின் உடல் அங்கே இருக்கிறது என்று தாமஸ் அக்குவினாஸ் விடை சொன்னார். இன்றைய கத்தோலிக்கப் போதனையும் அதுவே: அப்பம் அப்பமாகத் தெரியும்வரை பிரசன்னம், பூஞ்சை பிடித்து அப்பமே அழிந்துபோனால் பிரசன்னமும் இல்லை. மாசுபட்ட அப்பத்தைத் தண்ணீரில் கரைய வைப்பது இந்தக் காரணத்தால்தான். முழுவதும் கரைந்தபின் அந்தத் தண்ணீரை, சாக்கடைக்குப் போகாமல் நேராக மண்ணுக்குள் இறங்கும் தனித் தொட்டியில் ஊற்றுவார்கள்.

1215ல் நான்காம் லாத்தரன் சங்கம் (ரோமில் கூடிய ஆயர்களின் பேரவை) நற்கருணையைப் பூட்டிவைக்கச் சொன்னது. பூட்டாமல் விட்டுவிட்ட பொறுப்பாளருக்கு மூன்று மாதம் பணிநீக்கம். மேசைப் பொறுப்பு சின்ன வேலை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8, காலை 7.30

மீதியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, மீதியே குறைவாக வரும்படி ஆயத்தம் செய்வதைச் சொல்லவில்லை.

சின்னக் கிண்ணம் என்றால் 10 மில்லி ஊற்றினால் போதும். 750 மில்லி பாட்டிலில் சிந்தல் போக 70 கிண்ணம் வரும். விளிம்புவரை ஊற்றினால் தட்டைக் கைமாற்றும்போது சிந்தும், முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். பொதுக் கிண்ணம் என்றால் ஒருவர் ஒரு மிடறுதான் எடுப்பார், ஆளுக்கு 5 மில்லி கணக்கு வைத்தாலே தேவைக்குமேல் இருக்கும்.

மெல்லிய அப்பம் (கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், சூடான இரண்டு தகடுகளுக்கிடையே வேகவைத்தது) மக்களுக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர், குருவுக்கு 7 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஈரக்காற்று பட்டால் தளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டிய இரண்டைப் பிரிக்கும்போது துணிக்கை உதிரும், அதைப் பொறுக்குவது பெரிய வேலை. இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைத்து, தேவையானதை மட்டும் காலையில் எண்ணி எடுங்கள்.

எண்ணிக்கை தெரியாத நாளில் எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுபோகாமல் பாதியைப் பக்கத்து மேசையில் வையுங்கள். பிரதிஷ்டை ஜெபத்தின்போது மேசையில் இல்லாதது வெறும் அப்பம். இதில் எந்தச் சபைக்கும் சண்டை இல்லை. குறைந்தால் என்ன செய்வது என்பதையும் 1662 நூல் சொல்கிறது: கூடுதல் அப்பத்தையோ ரசத்தையோ எடுத்து, இயேசு விருந்தை ஏற்படுத்தியபோது சொன்ன வார்த்தைகளை மறுபடி சொல்ல வேண்டும்.

மார்ச் 8, காலை 11.20 (கேள்வி கேட்டவர்)

திராட்சைப் பழச்சாறு வைக்கிறோம். அது சரியா?

மார்ச் 8, இரவு 8.45

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் புளித்த திராட்சை ரசம் வேண்டும். கத்தோலிக்கச் சட்டம் 924: அப்பம் கோதுமையால் மட்டும், அண்மையில் செய்தது. ரசம் திராட்சைக் கனியிலிருந்து வந்தது, கெடாதது. ரசத்தில் சிறிது தண்ணீர் சேர்க்க வேண்டும். வினிகர் ஆகிவிட்ட ரசம் செல்லாது, ஆகவே ஊற்றுமுன் முகர்ந்து பார்ப்பது கட்டாயம். மதுப்பழக்கத்திலிருந்து மீண்ட குருவுக்கு, புளிக்கத் தொடங்கி நிறுத்தப்பட்ட சாற்றை ஆயர் அனுமதியோடு பயன்படுத்தலாம். கோதுமைப் பசையம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பசையம் குறைந்த அப்பம் செல்லும், பசையமே இல்லாதது செல்லாது. அப்படிப்பட்டவர்கள் ரசத்தை மட்டும் பெற்றால் அதுவே முழு நற்கருணை.

அர்மேனியத் திருச்சபை மட்டும் ரசத்தில் தண்ணீர் சேர்ப்பதில்லை.

பழச்சாறு புதிய கதை. 1869ல் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் பல்மருத்துவர், திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் வழியைத் திருவிருந்துக்காகவே கண்டுபிடித்தார். அதற்குமுன் பழச்சாற்றைப் புளிக்காமல் நெடுநாள் வைத்திருப்பது கடினம். மதுவிலக்கைப் பிடித்த சபைகள் பெரும்பாலும் அதன்பிறகுதான் மாறின. உங்கள் சபை அந்த வழியில் இருந்தால் தவறில்லை. திறந்த பாட்டிலைக் குளிரில் வையுங்கள். மூடியைத் திறக்கும்போது நுரை வந்தால் அது சாறு அல்ல.

மார்ச் 9, காலை 6.15 (இன்னொருவர்)

ஆர்த்தடாக்ஸ் அப்பம் புளித்தது என்பதை விட்டுவிட்டீர்கள். 1054ல் கிழக்கும் மேற்கும் முறித்துக்கொண்டபோது இதுவும் ஒரு பெரிய காரணம். புளிப்பில்லாதது பஸ்கா அப்பம் என்றது மேற்கு. புளித்த மாவுக்கு உயிர் இருக்கிறது, உயிர்த்த கிறிஸ்துவுக்கு அதுவே பொருத்தம் என்றது கிழக்கு. யோவானின் கணக்குப்படி அந்த விருந்து பஸ்காவுக்கு முந்தைய நாள் என்பதும் அவர்கள் வாதம்.

மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். எண்ணெய், பால், சர்க்கரை கிடையாது. இரண்டு அடுக்காக உருட்டி மேலே முத்திரை அழுத்துவார்கள். "இயேசு கிறிஸ்து வெல்கிறார்" என்ற பொருளுள்ள கிரேக்க எழுத்துகள். அடுப்பில் வைக்குமுன் முத்திரையின் ஓரங்களில் மெல்லிய குச்சியால் அடிவரை துளையிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே காற்று அடைத்து மேலடுக்கு பிரிந்து முத்திரை கோணிவிடும், குரு அதை வெட்டவே முடியாது. ஈட்டி வடிவக் கத்தியால் நடுச் சதுரத்தை வெட்டி எடுக்கும்போது அதன் பெயர் ஆட்டுக்குட்டி. கிண்ணத்தில் இட்டபின் கொஞ்சம் வெந்நீர் சேர்ப்பார்கள். கரண்டியால் கொடுப்பார்கள், தாடைக்குக் கீழே சிவப்புத் துணி. திருமுழுக்கும் திருத்தைலமும் பெற்ற கைக்குழந்தைக்கும் உண்டு.

சதுரம் எடுத்தபின் மீந்த ரொட்டியை ஆசீர்வதித்து வழிபாட்டின் முடிவில் எல்லாருக்கும் கொடுப்பார்கள். அது நற்கருணை இல்லை. மீதியிலேயே இரண்டு வகை இருக்கிறது பாருங்கள்.

மார்ச் 9, இரவு 10.50

இந்தக் கடைசி வரிக்காகவே இந்த இழை இருந்திருக்கலாம் ஐயா.

தவறு நேரும் இடங்களைச் சேர்த்துவிடுகிறேன். துணியில் கறை படாது என்று பல இடங்களில் வெள்ளை ரசம் வைப்பார்கள். பக்கத்திலேயே தண்ணீர்க் குப்பி. இரண்டும் ஒரே நிறத்தில் தெரியும். ரசம் என்று நினைத்துக் கிண்ணம் நிறையத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பருகும்போதுதான் குருவுக்குத் தெரியவரும். கத்தோலிக்கத் திருப்பலி ஒழுங்கு இதற்கு விடை வைத்திருக்கிறது: தண்ணீரை வேறு கலத்தில் ஊற்றிவிட்டு, ரசத்தையும் துளித் தண்ணீரையும் ஊற்றி, கிண்ணத்துக்குரிய வார்த்தைகளை மட்டும் மறுபடி சொல்ல வேண்டும். அப்பத்துக்கு மறுபடி சொல்லத் தேவையில்லை. குப்பிகளின் மூடியில் அடையாளம் இருந்தால் இது நேராது.

அப்பம் கீழே விழுந்தால் பயபக்தியோடு எடுக்க வேண்டும். ரசம் சிந்தினால் அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவி, கழுவிய தண்ணீரை அந்தத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

கையில் வாங்குவதற்கு 4ஆம் நூற்றாண்டு உபதேசம் ஒன்று எருசலேம் ஆயர் சிரில் பெயரில் இருக்கிறது. அரசரை ஏற்பதுபோல் இடக்கையை வலக்கைக்கு அரியணை ஆக்கு, ஒரு துணிக்கையும் விழவிடாதே, பொன்துகள் கையில் இருந்தால் எவ்வளவு கவனமாக இருப்பாய் என்று கேட்கிறது. விரல் நுனியால் பறித்துக்கொள்ளும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரிகள் நினைவுக்கு வரும்.

மார்ச் 14, இரவு 9.30 (கேள்வி கேட்டவர்)

எங்கள் சபையில் சிலர் "நான் பாத்திரவான் இல்லை" என்று தட்டைக் கடத்திவிடுகிறார்கள். அதனாலேயே நிறைய மீந்துவிடுகிறது. அபாத்திரமாய் உண்டால் ஆக்கினை என்று பயம்.

மார்ச் 14, இரவு 11.40

இதற்குத்தான் அதிகமாக வருத்தப்படுகிறேன்.

1 கொரிந்தியர் 11:27ல் "அபாத்திரமாய்" என்பது உண்ணும் விதத்தைச் சொல்லும் வினையடை. உண்கிறவரின் தகுதியைச் சொல்லவில்லை. 21ஆம் வசனத்துக்கு ஏறிப் பாருங்கள். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்கிறார்கள், ஒருவன் பசியாய் இருக்கிறான், இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்று பவுல் கோபப்படுகிறார். அபாத்திரமாய் உண்பது என்றால் அங்கே அதுதான். 28ஆம் வசனம் தன்னைச் சோதித்தறிந்து விலகிப்போ என்று சொல்லவில்லை. சோதித்தறிந்து, புசி என்கிறது.

மார்ச் 15, காலை 7.05

ராத்திரி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒருபக்கமாகச் சொல்லிவிட்டேன். அது விதத்தைச் சொல்கிறது என்பதில் மாற்றமில்லை, ஆனால் தன்னைச் சோதிக்கும் கட்டளையைத் திருச்சபை என்றைக்கும் லேசாக எடுத்ததில்லை. கத்தோலிக்கர் பெரிய பாவத்தோடு இருக்கிறோம் என்று தெரிந்தால் ஒப்புரவு அருளடையாளத்துக்குப் பிறகே வருவார்கள். பெறுவதற்கு முன் ஒரு மணி நேரம் உணவு கிடையாது, தண்ணீரும் மருந்தும் உண்டு, முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போர்க்கும் விலக்கு. ஆர்த்தடாக்ஸ் முறையில் நள்ளிரவிலிருந்தே நோன்பு. சீர்திருத்த சபைகளில் பொதுப் பாவ அறிக்கை மேசைக்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பதும் இதற்கே. பயந்து விலகுகிறவர்களிடம் போதகர் தனியாகப் பேசட்டும், தட்டு கைமாறும் அந்த ஐந்து வினாடியில் தீர்க்கிற விஷயம் இல்லை.

மார்ச் 27, இரவு 8.00 (கேள்வி கேட்டவர்)

போதகர் ஒத்துக்கொண்டார். மீதியை ஆராதனை முடிந்ததும் மூப்பர்கள் நான்கு பேர் மேசையருகே நின்று உண்டு முடிப்பார்கள். பெரிய வியாழனுக்கு முதல் தடவை. கிண்ணங்களையும் துணியையும் கழுவுவது எப்படி?

மார்ச் 27, இரவு 10.20

கிண்ணத்தின் அடியில் எப்போதும் ஒரு துளி நிற்கும். பொதுக் கிண்ணத்தில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி, சுற்றி அலசி, அதை ஒரு மூப்பர் பருகிவிட்டுத் துணியால் துடைக்கட்டும். தட்டில் உள்ள துணிக்கைகளை முதலில் விரலால் கிண்ணத்துக்குள் தட்டிவிட்டு அப்புறம் அலசினால் ஒரே வேலையில் முடியும். சின்னக் கிண்ணங்களை ஒரு பாத்திரத் தண்ணீரில் மூழ்கவைத்து, அந்த முதல் தண்ணீரைச் செடியடியில் மண்ணில் ஊற்றுங்கள். பிறகு சோப்பு போடலாம்.

துடைத்த துணியும் அப்படியே. முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்த தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டுத்தான் மற்றத் துணிகளோடு போட வேண்டும். சிவப்புச் சாறு கறை என்றால் அன்றைக்கே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். காயவிட்டால் போகாது.